நிலைத்த நச்சுகளுக்கு மாதிரி எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற, கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தின் கரையில், அண்மையில் ஆய்வு மாணவர் சிலர் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதிப்பதற்காகக் குப்பி குப்பியாகத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். சேற்றில் ஒரு பிடிகூட அவர்கள் அள்ளவில்லை. 20 ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். சீட்டு ஒட்ட மறப்பது, ஐஸ் பெட்டியை விட்டுவிட்டு வருவது போன்றவை ஒருமுறை பட்டால் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டுக் குளம் சுத்தம் என்பது

டி.டி.டி., எண்டோசல்பான் ஆகிய பூச்சிக்கொல்லிகள், மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட பி.சி.பி. போன்றவற்றை நிலைத்த கரிம மாசுகள் என்கிறோம். எளிதில் சிதையாமல், நெடுந்தொலைவு பரவி, உயிர்களின் கொழுப்பில் சேர்ந்து நஞ்சாகும் இவற்றைக் கட்டுப்படுத்தவே 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவானது. 2006இல் இந்தியாவும் அதை ஏற்றது. இவை தண்ணீரோடு ஒட்டுவதில்லை. ஒரு லிட்டர் நீரில் டி.டி.டி. சில மைக்ரோகிராம் அளவே கரையும். எஞ்சியது வண்டல் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்து, அங்கிருந்து புழு, மீன், பறவை என்று கொழுப்பின் வழியே மேலேறும். நீரில் 0.003 பி.பி.பி.யாக (நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்) இருக்கும் டி.டி.டி., மீன் தின்னும் பறவையின் உடலில் 25 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்) ஆகிறது என்று பள்ளிப் பாடநூலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது ஏறத்தாழ 80 இலட்சம் மடங்கு. இதைப் பாடமாகப் படித்தவர்களே குளக்கரைக்கு வந்ததும் தண்ணீர்க் குப்பியை மட்டும் நீட்டுவதைக் காணும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு. நாஞ்சில் நாட்டுக் குளம் ஒன்றில் நான் எடுத்த நீர் மாதிரிகள் அனைத்திலும் 'கண்டறியப்படவில்லை' என்றே முடிவு வந்தது. ஆய்வுக் கருவியால் காண முடிந்த அளவுக்குக் கீழே என்பதுதான் அதன் பொருள்; நானோ இல்லவே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கரையில் நின்ற பெரியவர் ஒருவர், "மக்ளே, அப்போ இந்த வண்டல அள்ளித் தென்னைக்குப் போடலாம்லா?" என்று கேட்டார். தாராளமாகப் போடலாம் என்று சொன்னேன். அந்தக் கோடையிலேயே டிராக்டரில் வண்டல் அள்ளிப் போய்த் தோப்பில் பரப்பிவிட்டார்கள். மறு ஆண்டு அதே குளத்துச் சேற்றைச் சோதித்தபோது டி.டி.டி.யின் சிதைவுப் பொருள்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்தத் தோப்பில் கோழிகள் நாள் முழுவதும் மண்ணைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தன. மண்ணில் உள்ள இத்தகைய நஞ்சு கோழியின் உடலுக்குள் போய் முட்டையின் மஞ்சள் கருவில், அதாவது கொழுப்பு மிகுந்த பகுதியில், சேரும். நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி நடந்த காரியம் அது. பரப்பிய வண்டலைத் திரும்ப வாரி எடுக்க வழியில்லை.

ஆகவே சேற்றைக் கட்டாயம் எடுங்கள். மடைக்கு அருகே நீர் ஓட்டம் தணிந்து நுண்வண்டல் படியும் இடமாகப் பார்த்து, மேல்மட்டத்தில் சில சென்டிமீட்டர் ஆழம் வரை எடுப்பது நல்லது. கரையோரம் காலுக்கு எளிதாக எட்டும் மணலில் எடுத்தால் மறுபடியும் பொய்யான சுத்தமே கிடைக்கும், ஏனெனில் இந்த நச்சுகள் பற்றிக்கொள்ளும் கரிமப் பொருள் மணலில் மிகக் குறைவு. சேற்றின் கரிம அளவையும் சேர்த்துச் சோதித்தால்தான் ஒரு குளத்தை இன்னொரு குளத்தோடு ஒப்பிட முடியும்.

மீனின் கொழுப்பை அளக்காமல் விடுவது

குளச்சல் கடற்கரையில் நெய்ச்சாளை என்று கூவி விற்கிறார்களே, அந்தப் பெயரிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. ஒரே சாளையின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் வெகுவாக மாறும். ஒரு மாதத்துச் சாளையை வேறொரு மாதத்துச் சாளையோடோ நெத்திலியோடோ எடைக்கு எடை ஒப்பிட்டு, மாசு கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று எழுதினால், நீங்கள் அளந்தது கொழுப்பின் ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். ஈர எடைக்கு எவ்வளவு, கொழுப்பு எடைக்கு எவ்வளவு என்று இரண்டையும் குறிப்பிடுங்கள்.

கொசுவிரட்டித் தைலம் பூசிக்கொண்டு குளத்தில் இறங்குவது

கூடாது. தைலத்தில் உள்ள வேதிப்பொருள் மாதிரியில் கலந்துவிடும்.

எல்லா நச்சுக்கும் ஒரே குப்பி

டி.டி.டி., பி.சி.பி. போன்றவற்றுக்குக் கரைப்பானால் கழுவிய கண்ணாடிக் குப்பி வேண்டும். ஒட்டாத பாத்திரப் பூச்சு, நீர்புகாத் துணி முதலியவற்றோடு தொடர்புடைய பி.எஃப்.ஏ.எஸ். வகைக்கோ பாலிபுரொப்பிலீன் குப்பியே ஏற்றது. டெஃப்லான் நாடா சுற்றிய குழாயும் மழைக்கோட்டும் அந்த மாதிரியின் பக்கத்திலேயே வரக் கூடாது.

வெற்று மாதிரி வைக்காதது

தூய நீர் நிரப்பிய குப்பி ஒன்றையும் களத்துக்குக் கொண்டுபோய், மற்றவற்றோடு சேர்த்துச் சோதிப்பதே வெற்று மாதிரி. நஞ்சு குளத்தில் இருந்ததா, நம் கையாலும் குப்பியாலும் வந்ததா என்பதை அது காட்டும். வைக்காவிட்டால் முடிவை வெளியிடாதீர்கள்.

டி.டி.டி.யை மட்டும் அளப்பது

இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989இல் தடை செய்யப்பட்டது. கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் அனுமதி தொடர்ந்தது. பழைய டி.டி.டி. காற்றுப்படும் மண்ணில் பெரும்பாலும் டி.டி.இ. ஆகவும், காற்றில்லாத குளத்துச் சேற்றில் டி.டி.டி.யிலிருந்து குளோரின் ஒன்று கழன்ற வேறொரு சேர்மமாகவும் மாறிக் கிடக்கும். தாய்ப்பொருளை மட்டும் தேடுகிறவருக்கு அந்தக் குளம் வெறுமையாகவே தெரியும். சிதைவுப் பொருள்கள் இரண்டையும் சேர்த்து மூன்றையும் அளந்து, அவற்றின் விகிதத்தைப் பார்த்தால்தான், சேற்றில் கிடப்பது பல ஆண்டுகளுக்கு முன் தெளித்ததன் எச்சமா, அண்மையில் வந்து சேர்ந்ததா என்று குளத்துக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியும்.