ஜிம்முக்குப் போகிற நாளில் எப்போது சாப்பிடுவது?

புதிதாக ஜிம்மில் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது: சாப்பிட்டுவிட்டுப் போவதா, வெறும் வயிற்றோடு போவதா? பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரோட்டீன் குடிக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று யாராவது பயமுறுத்தியும் இருப்பார்கள். அந்தப் பயம் வேண்டாம். நன்றாகப் பயிற்சி செய்த தசை ஒரு நாள் முழுக்கப் புரதத்தை ஏற்றுக்கொள்ளத் தயாராகவே இருக்கும். நேரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அளவு.

1. நாளுக்கு எவ்வளவு புரதம்?

எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் என்பது நல்ல இலக்கு. 60 கிலோ இருப்பவருக்கு 96 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 24 கிராம். (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.)

நம் வீட்டுச் சாப்பாட்டில் இடிக்கிற இடம் காலை டிபன். நாலு இட்லியில் இருப்பது சுமார் 8 கிராம்தான். கூடவே மூன்று முட்டை வைத்தால் 18 கிராம் சேர்ந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு 100 கிராம் பனீரில் ஏறக்குறைய அதே 18 கிராம் கிடைக்கும். 50 கிராம் மீல் மேக்கரில் 25 கிராம் வரை வரும், விலையும் குறைவு.

2. பயிற்சி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

முழுச் சாப்பாடு என்றால் இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டு இட்லி போல லேசான டிபனுக்கு ஒரு மணி நேர இடைவெளி போதும். வாழைப்பழம் என்றால் அரை மணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நெய் மிதக்கிற வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ஸ்குவாட் (தோளில் எடைக் கம்பியோடு உட்கார்ந்து எழுவது) செய்யப் போனேன். மூன்றாவது செட்டில் குனிந்ததும் நெய் வாசம் தொண்டைக்கு வந்தது. கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன், அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. கொழுப்பு அதிகமான உணவு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் நகரும். கடுமையாக உழைக்கும்போது ரத்தமும் குடலை விட்டுத் தசைகள் பக்கம் போய்விடும். பொங்கல் நல்ல சாப்பாடு, பயிற்சி முடிந்த பிறகு சாப்பிடுங்கள்.

3. காலை ஐந்தரை மணிக்காரர்கள்

வெறும் வயிற்றில் போகலாம். இரவுத் தூக்கத்தில் கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு நிறையக் கரைந்துவிடும், ஆனால் தசையில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு அது போதும். தலை கிறுகிறுத்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் பேசாமல் இதைச் செய்யவே கூடாது.

வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகம் கரையும் என்பது பாதி உண்மை. அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரியும், நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் சமமாகிவிடும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்களை இரண்டாகப் பிரித்து, நான்கு வாரம் ஒரு குழுவை வெறும் வயிற்றிலும் இன்னொரு குழுவைச் சாப்பிட்ட பிறகும் கார்டியோ (நடை, ஓட்டம் போல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி) செய்ய வைத்தார்கள். இரு தரப்புக்கும் கொழுப்புக் குறைந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஆனால் வெறும் வயிற்றோடு போனவர்கள் காலை டிபனைத் தள்ளிப்போடாதீர்கள். முந்தைய இரவுக்குப் பிறகு உடம்புக்குப் புரதமே கிடைத்திருக்காது. திரும்பி வந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்த இட்லியும் முட்டையும் உள்ளே போகட்டும்.

4. மாலைக்காரர்கள்

மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு ஜிம் என்றால் இடைவெளி அதிகம். ஆறு மணிக்கு இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம் போதும். டீக்கடை பஜ்ஜி அந்த நேரத்துக்கு ஆகாது. காபியும் வேண்டாம், தூக்கம் கெடும். இரவு ஒன்பதுக்குச் சோறு சாப்பிட்டால் தொப்பை விழும் என்று பட்டினியாகப் படுக்காதீர்கள். கடிகாரம் கொழுப்பைக் கூட்டுவதில்லை, நாளின் மொத்த அளவுதான் கூட்டும்.

5. எடை குறையவா, தசை ஏறவா?

இரண்டுக்கும் நேரம் ஒன்றுதான், அளவுதான் மாறும். கொழுப்புக் குறைய வேண்டும் என்றால் நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறையுங்கள். பயிற்சியை ஒட்டிய வேளைகளைத் தொடாமல், தூரத்தில் இருக்கிற வேளையில் சோற்றையும் எண்ணெயையும் குறைப்பது நல்லது. புரதத்தில் கை வைக்கவே வேண்டாம், அதைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை ஏற வேண்டும் என்றால் 200, 300 கலோரி கூட்டினால் போதும்: ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை.

இரண்டு வாரம் சாப்பிட்ட நேரத்தையும் பயிற்சி எப்படிப் போனது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வயிறு கனத்த நாளுக்கு அடுத்த நாள் அரை மணி முன்னதாகச் சாப்பிடுங்கள். கை கால் சோர்ந்த நாளுக்கு அடுத்த நாள் ஒரு பழம் சேர்த்துக்கொள்ளுங்கள்.