மலையில் மலேரியா விழிப்புணர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் மலேரியா கூட்டம் போடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, டெங்கு சுவரொட்டியையே தூசி தட்டி மாட்டுவது. டயர், தேங்காய்ச் சிரட்டை, பகலில் கடிக்கும் கொசு எல்லாம் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் சமாசாரம். மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலஸ் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும்; ஓடையோரத் தேக்கம், கிணறு, மூடாத தொட்டி எனத் தெளிந்த நீரில் முட்டையிடும். வாயால் சொல்வதைவிட வெள்ளைக் கிண்ணத்தில் அந்த நீரை மொண்டு காட்டுங்கள். அனோஃபிலஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். ஏடிஸ் புழு தலைகீழாகத் தொங்கும். காட்டிய நீரைக் காய்ந்த மண்ணில்தான் கொட்ட வேண்டும்.

'இந்தக் குளிரில் மலேரியாவா?' என்று கேட்பவரைச் சிரித்து ஒதுக்காதீர்கள். பாதி சரியான கேள்வி அது. சுமார் 16 டிகிரிக்குக் கீழே கொசுவுக்குள் கிருமி முதிராது. ஊட்டி உச்சிக்கு அது பொருந்தும். தாழ்வான, வெதுவெதுப்பான கூடலூர், மசினகுடிக்குப் பொருந்தாது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று பின்னர் நிறுவிய ரொனால்ட் ராஸே, 1897இல் ஊட்டி வந்தபோது மலைக்குக் கீழே சீகூர் பக்கம் ஆராயப்போய்க் காய்ச்சலில் படுத்தார்.

காலை 11 மணிக்கு எஸ்டேட்டில் கூட்டம் வைத்தால் நாற்காலிதான் கேட்கும். கொழுந்து பறிப்பவர்கள் சரிவில் இருப்பார்கள். இலை நிறுக்கும் இடத்தில் பத்து நிமிடம் போதும். ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்களிடம் தமிழ்த் துண்டறிக்கை நீட்டுவது வீண். அவர்களில் ஒருவரையே பேசவையுங்கள். ஊருக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தப் பரிசோதனை என்பதுதான் முக்கியச் செய்தி.

கொசுவைப் பற்றியே பேசி மாத்திரையை மறப்பதுதான் பெரிய பிசகு. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்குக் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். காய்ச்சல் விட்டதும் பலர் நிறுத்திவிடுவார்கள். ஈரலில் உறங்கும் கிருமி சில மாதம் கழித்துக்கூட எழும், பிரைமாகுயின் அதற்குத்தான். நிலவேம்புக் குடிநீர் இதற்கு மாற்றாகாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்குப் பிரைமாகுயின் கூடாது. G6PD என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

மருந்திட்ட கொசுவலையைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விடவேண்டும். வெயிலில் உலர்த்தினால் மருந்தின் வீரியம் போகும், ஓடையில் அலசினால் மீன் சாகும். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனையும் கிணறு, தொட்டியோடு நிறுத்துங்கள். ஓடையில் விட்டால் உள்ளூர் மீன்குஞ்சு, தவளைக்குஞ்சுகளைத் தின்றுவிடும்.

பதிவேட்டில் வந்தவர் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: காய்ச்சல் கண்ட 24 மணி நேரத்துக்குள் பரிசோதித்தவர் எத்தனை பேர், 14 நாள் மாத்திரையை முடித்தவர் எத்தனை பேர்.