வெட்டுக்காயப் பூண்டின் பூவைத் துணியில் கொண்டுவருவது எப்படி?

பூ எம்பிராய்டரி பழக நினைக்கிற பலரும் நேராக ஒரு டிசைனை டவுன்லோடு செய்து துணியில் பதித்து ஆரம்பித்துவிடுகிறார்கள். அதில் தையல் பழகும், பூ பழகாது. முதல் துண்டையே கண்ணெதிரே இருக்கும் ஒரு பூவைப் பார்த்துச் செய்யுங்கள். ரோஜா வேண்டாம், அடுக்கு அதிகம். பாதையோரம் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டு போதும்.

தேவையானவை: ஒருமுறை துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி, 6 அங்குல வளையம், மெல்லிய வெள்ளைத் துணித் துண்டு, துணி ஒட்டும் பசை, தண்ணீரில் அழியும் பேனா, பச்சையிலும் மஞ்சளிலும் இரண்டு இரண்டு ஷேடு நூல், ஊசி, கூரான சின்னக் கத்தரிக்கோல். எம்பிராய்டரி நூல் 6 இழையாக வரும், தேவையான இழையை மட்டும் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை பார்ப்பதுதான். பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் வைத்துக் கிட்டத்தில் பாருங்கள். வெளியே பெரும்பாலும் 5 இதழ், ஒவ்வொன்றின் நுனியிலும் 3 பல், இதழ்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. நடுவிலிருக்கும் மஞ்சள் பொட்டு ஒரே பொருள் அல்ல, அத்தனையும் தனித்தனிக் குட்டிப் பூக்கள், அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி மலரும். அதனால் ஓரத்தில் விரிந்த பூவும் நடுவில் மொட்டும் இருக்கும். தண்டு நீளமாக, மெல்லியதாக, முழுக்க முடியோடு. இவ்வளவையும் தாளில் மூன்று மடங்கு பெரிதாக வரைந்து, பேனாவால் துணிக்கு மாற்றி, துணியை வளையத்தில் இறுக்கமாக மாட்டுங்கள்.

அடுத்து இதழ். வெள்ளைத் துணியின் பின்பக்கம் பசையை மெலிதாகத் தடவிக் காயவிட்டு அப்புறம் வெட்டினால் ஓரம் பிரியாது. அடிப்பகுதியில் மட்டும் இரண்டு மூன்று சின்னத் தையல் போடுங்கள், நுனியை ஒட்டவே வேண்டாம். அது லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பதில்தான் உயிர் இருக்கிறது.

தண்டுக்கு 2 இழையில் காம்புத் தையல். ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் பாதியிலிருந்து தொடங்க வேண்டும், நூல் எப்போதும் ஊசிக்கு ஒரே பக்கம் இருக்க வேண்டும், பக்கம் மாறினால் கயிறு போன்ற முறுக்கு கெட்டுவிடும். முடிக்கு வெளிர்பச்சையில் ஒரே இழை எடுத்து, தண்டின் இருபுறமும் சின்னச் சின்னக் குத்துத் தையல். சலிப்பான வேலைதான், ஆனால் காட்டுச் செடி என்று தெரிவதே இதனால்தான், விட்டுவிடாதீர்கள்.

நடுப்பகுதிக்கு பிரெஞ்சு முடிச்சு. ஊசியை மேலே எடுத்து, நூலை அதன் மேல் இரண்டு சுற்று சுற்றி, நூலை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்தபடியே, ஊசி வந்த துளைக்குள் இல்லாமல் ஒரு நூலிழை தள்ளி இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் ஓடிவிடும். ஓரத்தில் 3 இழையில் அடர் மஞ்சள் முடிச்சுகளைக் கொஞ்சம் தளர்வாகப் போடுங்கள், நடுவே போகப்போக 2 இழையில் பசுமை கலந்த மஞ்சளில் இறுக்கமாக. தாளில் பார்த்த மொட்டும் மலரும் துணியில் அப்படியே வந்து நிற்கும்.

இதே நடுப்பகுதி சூரியகாந்திக்கும் பொருந்தும், அளவு மட்டும் பெரிது. தோட்டத்துப் பூவில் ஒற்றைச் செம்பருத்தி எடுப்பதானால் 5 இதழ்களும் ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறிச் சுற்றி வருவதைக் கவனியுங்கள். கடைசி இதழின் ஒரு ஓரத்தை முதல் இதழுக்கு அடியில் சொருகிவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

தைத்து முடித்ததும் முதலில் பேனாக் கோட்டைக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாகப் போக்கிவிடுங்கள், சூடு பட்டால் சில பேனாக்களின் மை அப்படியே நின்றுவிடும். காய்ந்தபின் மெத்தென்ற துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு பின்பக்கமாக அயர்ன் செய்தால் முடிச்சு நசுங்காது. திரும்ப வளையத்தில் மாட்டி, மிச்சத் துணியைச் சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்டுப் பின்னால் சுருக்கி முடிச்சிட்டால் சுவரில் மாட்டிவிடலாம்.