செவ்வாய்ப் படத்தில் தெரிவது குழியா, மேடா?

முதலில் பழகிய இடத்தில் கண்ணைப் பழக்குங்கள். சென்ரினல்-2 செய்மதிப் படத்தில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் பாருங்கள்: வடக்கே குளக்கட்டு, மற்றப் பக்கங்களில் ஒழுங்கில்லாத அலைகரை. விண்கல் மோதி உண்டாகும் மோதற்குழிக்கோ விளிம்பு சுற்றிவர இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மேடென்றால் மிச்சம் அரித்துப் போயிருக்கலாம், அல்லது அது குழியே இல்லை.

பெரும்பாலானோர் சறுக்குவது வெளிச்சத்தில்தான். சென்ரினல் முற்பகலில் கடக்கிறது. வெயில் கிழக்குப் பக்கம். செவ்வாயைச் சுற்றும் நாசா விண்கலமான எம்.ஆர்.ஓ. கடப்பதோ அங்கத்தைய பின்னேரம் 3 மணியளவில். வெயில் மேற்குப் பக்கம். ஆகவே வடக்கு மேலாக வைத்த அதன் படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும். இடச்சுவர் இருண்டு வலச்சுவர் வெளுத்திருந்தால் குழி, மறுவளமென்றால் மேடு. இதைத் தெரிந்திருந்தும் கண் ஏமாற்றும். படத்தை 180 பாகை திருப்பினால் பெரும்பாலும் சரியாகத் தெரியும்.

உயரம் வேண்டுமா? நிழல் சமதரையில் விழுந்திருக்கவேண்டும். அதன் நீளத்தைச் சூரியனின் ஏற்றக்கோணத்தின் (அடிவானத்திலிருந்து சூரியன் நிற்கும் உயரக்கோணம்) தான்சனால் (tan) பெருக்குங்கள்: 100 மீற்றர் நிழல், 30 பாகை என்றால் ஏறக்குறைய 58 மீற்றர். படவிபரத்தில் வரும் படுகோணமோ (வெயில் விழும் கோணம்) உச்சியிலிருந்து அளந்தது. அது 60 என்றால் 90இலிருந்து கழித்து 30 எடுக்கவேண்டும்; 60ஐ அப்படியே போட்டால் மேடு மூன்று மடங்கு வளர்ந்துவிடும்.