சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: முதல் வாசிப்பும் மறுவாசிப்பும்

காமிக்ஸ் படிக்க என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது, பக்கத்தைப் புரட்டினால் போதாதா என்றுதான் நானும் இருந்தேன். 'வாட்ச்மென்' புத்தகத்தை இரண்டே இரவில் முடித்துவிட்டு, "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று அலமாரியில் செருகினேன். பேச்சுக் குமிழ்களை மட்டும் படித்திருக்கிறேன், படங்களைப் பார்க்கவே இல்லை என்பது சில வருடம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் உறைத்தது. நீங்கள் அந்தச் சில வருடத்தை மிச்சம் பிடிக்கலாம்.

1. முடிவுள்ள புத்தகமாக எடுங்கள்

சூப்பர்மேன் 1938இல் வந்தவர், பேட்மேன் 1939இல். இன்றும் புது இதழ்கள் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து படிக்கிறேன் என்று இறங்கினால் கரை சேர மாட்டீர்கள். தேவையும் இல்லை. என் சிபாரிசு 'பேட்மேன்: இயர் ஒன்'. எழுத்து ஃபிராங்க் மில்லர், ஓவியம் டேவிட் மஸுக்கெல்லி. 1987இல் நான்கு இதழ்களாக வந்து, பிறகு ஒரே புத்தகமானது. பேட்மேன் யாரென்றே தெரியாதவருக்கும் கதை புரியும்.

2. கண் போகும் பாதை

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஒரு கட்டத்துக்குள்ளும் அதே கணக்குதான்: மேலே இடது பக்கம் இருக்கும் குமிழ் முதலில். செவ்வகப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் கதை சொல்லும் குரல், அல்லது ஒருவர் மனதுக்குள் பேசிக்கொள்வது. (மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸ் வலமிருந்து இடம். அதைத் தனியாகப் பழகிக்கொள்ளலாம்.) திரையில் படிப்பவர்கள், ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். ஓவியர் முழுப் பக்கத்தையும் ஒரே காட்சியாக யோசித்துத்தான் கட்டம் பிரித்திருப்பார்.

3. முதல் வாசிப்பு

நிற்காமல் ஓடுங்கள். புரியாத பெயர் வந்தால் தேடப் போகாதீர்கள். கதை தெரிந்தால் போதும்.

4. முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்

இதற்குத்தான் இவ்வளவு பீடிகையும். 'இயர் ஒன்' தொடக்கத்தில் இரண்டு பேர் கோத்தம் நகருக்கு வருகிறார்கள். காவல்துறை அதிகாரி கார்டன் ரயிலில் வருகிறார். விமானத்தில் வந்திருக்கலாம், மேலிருந்து பார்த்தால் தெருவும் கட்டடமும் மட்டும்தானே தெரியும் என்று நினைக்கிறார். பேட்மேன் ஆகப்போகும் புரூஸ் வேய்ன் விமானத்தில் வருகிறான். ரயிலில் வந்திருக்கலாம், எதிரியைக் கிட்டத்தில் பார்த்திருக்கலாம் என்று அவன் நினைக்கிறான். முதல் தடவை இது பயண அலுப்பு மாதிரி கடந்துபோகும். கதை தெரிந்தபின் படித்தால், ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள ஆசைப்படுகிறார், மற்றவன் திறக்க ஆசைப்படுகிறான் என்று புரியும். அப்புறம் அந்தப் பெட்டிகளின் எழுத்தைக் கவனியுங்கள். இருவரின் மனக்குரலுக்கும் வேறு வேறு கையெழுத்து. அந்தக் கையெழுத்துகளைத் தீட்டிய எழுத்துக் கலைஞர் டாட் க்ளைன் பெயரை முதல் வாசிப்பில் நான் பார்த்ததாகவே நினைவில்லை.

5. சொற்களை விட்டுவிட்டு ஒருமுறை

நாலைந்து நாள் இடைவெளி விட்டு, குமிழ்களைப் படிக்காமல் படங்களை மட்டும் பாருங்கள். கண் தானாக எழுத்துக்கு ஓடும். பத்து பக்கத்துக்குள் அடங்கிவிடும். கட்டம் எப்போது அகலமாகிறது, எப்போது ஒல்லியாகிறது, வண்ணம் எங்கே மாறுகிறது, யார் முகம் இருட்டில் இருக்கிறது என்பதெல்லாம் இப்போதுதான் தென்படும்.

கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தையும் விடாதீர்கள். கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் க்வைட்லி வரைந்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' முதல் பக்கத்தில் நான்கே கட்டங்கள். ஆங்கிலத்தில் மொத்தம் எட்டே சொற்கள். அழியும் கிரகம், தவிக்கும் பெற்றோர், கிளம்பும் விண்கலம், குனிந்து பார்க்கும் ஒரு தம்பதி. மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் குழந்தை சூப்பர்மேனின் விண்வெளிப் பயணமும், பூமியில் வந்து விழுந்ததும் அடங்கிவிட்டன. அதை யாரும் வரையவில்லை, ஆனாலும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

6. பழகியபின் 'வாட்ச்மென்'

ஆலன் மூர் எழுத்து, டேவ் கிப்பன்ஸ் ஓவியம், 1986–87இல் வந்த 12 இதழ்கள். பெரும்பாலான பக்கங்கள் ஒன்பது கட்ட அமைப்பை ஒட்டியே நகரும். சரி, மேலே சொன்ன வாசிப்புகளை முடித்தபின் ஐந்தாவது அத்தியாயத்துக்கு வாருங்கள். ஒரு விரலை அதன் முதல் பக்கத்திலும் இன்னொன்றைக் கடைசிப் பக்கத்திலும் வைத்து, கட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அப்படியே இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு பக்கமாக உள்ளே வாருங்கள். அத்தியாயத்தின் நட்டநடுவில், எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களில் உங்கள் விரல்கள் சந்திக்கும்.