பழைய அமெரிக்க லாங் ரைஃபிள்: கைக்கு வந்ததும் செய்யக்கூடாதவை

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்களின் பட்டறைகளில் 18ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது லாங் ரைஃபிள். எட்டுப் பட்டைக் குழல், பெரும்பாலும் 42 முதல் 46 அங்குல நீளம். வரிவரியாக மின்னும் மேப்பிள் கட்டை பலவற்றில் குழலின் வாய்வரை போகும். முதலில் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடித்தது. 1820களுக்குப் பிறகு மெல்ல மெல்ல, அடித்தால் வெடித்துப் பொறி தரும் சிறு செப்புத் தொப்பியான கேப்புக்கு மாறியது. இன்று கைமாறும் கேப் ரைஃபிள்களைப் பார்த்தால், பலவற்றைத் துருவைவிட உப்புத்தாள்தான் அதிகம் தின்றிருக்கிறது.

முதல் தவறு, உள்ளே மருந்து இருக்காது என்று நம்புவது. கிட்டித்த நிலையிலேயே மூலையில் சாத்தி, தலைமுறை தாண்டி வந்த துப்பாக்கிகள் அடிக்கடி அகப்படுகின்றன. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கும். சோதிக்க ஒரு நீளமான மரக்கோல் போதும். வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கோலை மெதுவாக அடிவரை இறக்கி, வாயருகே பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய்க்கு நேரே வரும்படி குழலின்மேல் வையுங்கள். கோலின் முனை நிப்பிள் (கேப்பை மாட்டும் சிறு குழாய்) இருக்கும் இடம்வரை எட்ட வேண்டும். ஒன்றரை, இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் குண்டும் மருந்தும் உள்ளே இருப்பதாகவே கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் தப்பு. காய்ந்தால் மருந்து திரும்ப உயிர்பெறலாம். துளைபோட்டுத் தோண்டவும் வேண்டாம். இந்த வகைத் துப்பாக்கி தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அடுத்து, பிரித்துப் பார்க்கும் ஆசை. லாக் என்பது ஹேமரும் அதை இயக்கும் வில்லும் பொருத்திய பக்கத் தகடு. அதைக் கழற்றும் முன் ஹேமரைப் பாதியளவு பின்னிழுத்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ஹேமர் நிப்பிளில் மாட்டி இழுக்கும். பக்கவாட்டுத் திருகாணிகளை முழுதாக எடுத்துவிட்டு, லாக் தகட்டின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புபவர்கள் உண்டு. அந்த ஓரத்தில் மரம் சில்லாகப் பெயரும், ஒட்டினாலும் தெரியும். திருகாணியை நாலைந்து சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையை மரச்சுத்தியலால் இலேசாகத் தட்டினால் லாக் தானே சமமாக வெளியே வரும். இந்தத் திருகாணிகள் கையால் செய்தவை. தலையிலுள்ள வெட்டு ஒடுக்கமானது. கடையில் வாங்கும் ஸ்க்ரூடிரைவரின் ஆப்பு முனை வெட்டின் அடிவரை இறங்காது, மேல் விளிம்பைக் கிழித்துவிடும். முனையை அரத்தால் ராவி அந்த வெட்டுக்கு அளவாக்கிக்கொண்ட பிறகே கை வையுங்கள். ஒரு துளையின் திருகாணி இன்னொன்றுக்குப் பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி வையுங்கள்.

முழுக்கட்டை ரைஃபிளில் குழலைக் கட்டையோடு பிடித்திருப்பவை குறுக்கே அடித்த மெல்லிய இரும்பு ஆணிகள். சிலவற்றில் தட்டையான ஆப்புகள். கூரான ஆணியால் தட்டினால் துளை விரியும். விட்டத்தில் சற்றே மெலிந்த, முனை தட்டையான பஞ்ச் வேண்டும். திரும்ப அடிக்கும்போது குழலின் அடியிலுள்ள காதின் துளை நேராக நிற்கவில்லையென்றால், ஆணி விலகி மறுபக்க மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். ஒரு முனையை மட்டும் பிடித்துக் குழலைத் தூக்கவும் கூடாது. லாக்குக்காகத் தோண்டிய பள்ளமும் குழலின் பள்ளமும் சந்திக்கிற இடத்தில் மரம் மிகக் குறைவு. கட்டை முறிவது அங்கேயும் கைப்பிடிக் கழுத்திலும்தான். சரியான காரணம் இல்லாவிட்டால் குழலைக் கழற்றாமலே விடுங்கள் என்பதே எங்கள் யோசனை. பின்முனை அடைப்பைக் கழற்றவே வேண்டாம்: துருவேறி இறுகிய அந்த மரையைத் திருப்ப வைஸில் பிடித்தால், எண்பட்டையின் விளிம்புகள் நசுங்கும்.

நிப்பிள் விஷயத்தில் இரண்டு தவறு. கேப் இல்லாமல் ஹேமரை விட்டு ‘டக்’ என்று அடித்துக் காட்டுவது ஒன்று. நிப்பிளின் வாய் நசுங்கிவிடும். தேய்ந்ததை மாற்றுகிறேன் என்று இன்றைய கால் அங்குல நிப்பிளை முடுக்குவது மற்றொன்று. பழைய மரைகளுக்குப் பொது அளவு கிடையாது. பொருந்தாததை அழுத்தித் திருகினால் துளையின் மரை சிதையும், பிறகு எந்த நிப்பிளும் நிற்காது.

இனி மேற்பரப்பு. குழலின் பழுப்பு நிறத்தை அழுக்கு என்று எண்ணித் தேய்ப்பவர்கள், அந்தக் காலத்துப் பூச்சையும் அதன்மேல் படிந்த வயதையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். செந்துரு பொடியாக உதிர்ந்தால் மட்டும், மிக நைசான (0000) ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் மெல்லத் தேயுங்கள். பிறகு துடைத்துவிட்டு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. பித்தளைக்கு அம்மோனியா கலந்த பாலிஷ் ஆகாது: அது உலோகத்தில் வெடிப்புக்கு வழிசெய்யும், செதுக்கு வேலையின் இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கிவிடும்.

மரத்தில் இன்னும் கவனம் வேண்டும். இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தைத் தடவி, சூடு காட்டி மேப்பிள் வரிகளை எடுப்பாக்கினார்கள். அந்த நிறம் மேல்தோலோடு சரி. அதிலும் லங்காஸ்டரின் ஹென்றி லீமன் பட்டறை ரைஃபிள்கள் பலவற்றில், வரியில்லாத மேப்பிளில் வரிகள் செயற்கையாகப் போடப்பட்டவை. பெயிண்ட் ரிமூவர் பட்டால் வரியும் போய்விடும், மிஞ்சுவது வெறும் கட்டை. ஆளிவிதை எண்ணெயை ஆண்டுதோறும் பூசுவதும் நல்லதல்ல. அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக் கறுக்கும்.

சிக்கிமுக்கியிலிருந்து கேப்புக்கு மாற்றப்பட்ட ரைஃபிள் என்று தெரிந்ததும், ‘மூல நிலைக்கு’ திருப்பச் சிலருக்குக் கை அரிக்கும். லாக் தகட்டில் அடைத்த பழைய துளைகளும், நிப்பிளைத் தாங்கக் குழலின் பக்கத்தில் திருகிய உருளையும் பெரும்பாலும் 1830கள், 40களில் உள்ளூர்க் கொல்லர் செய்த வேலை. அதுவும் அந்தத் துப்பாக்கியின் வரலாறுதான். பிறவியிலேயே கேப் ரைஃபிளாக இருந்ததைச் சிக்கிமுக்கியாக்கி விற்பது ஏமாற்று வேலை.

லாக்கில் உள்ள பெயரைச் செய்தவர் பெயராக எடுத்துக்கொள்வது இன்னொரு வழக்கமான பிழை. கொல்லர்கள் லாக்கை மொத்தமாக வாங்கிப் பொருத்தினார்கள். ‘கோல்ச்சர்’ என்று பொறித்த லாக், வேறு வேறு கைகள் செய்த எத்தனையோ ரைஃபிள்களில் இருக்கிறது. குழலும் அப்படியே, ரெமிங்டன் நிறுவனம் தன் குழல்களைக் கொல்லர்களுக்கு விற்றது. செய்தவர் ஒப்பமிட்டிருந்தால் அது வழக்கமாகக் குழலின் மேல்பட்டையில், பெரும்பாலும் கையால் வெட்டிய எழுத்தாக அல்லது முதலெழுத்துகளாக இருக்கும். தேய்ந்து கண்ணுக்குத் தெரியாமலும் போயிருக்கும். இருட்டறையில் டார்ச்சைக் குழலோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து, கோணத்தை மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். சாக்பீஸும் வேண்டாம், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம்.