ஐந்து இலக்க எண்ணுக்கு முன்னால் ஒரு 2

1994-இல் தஞ்சாவூரில் பத்தாம் வகுப்பு முடித்த எங்கள் செட் வாட்ஸ்அப்பில் ஒன்று சேர்ந்துவிட்டது. என் பெஞ்ச் தோழி மட்டும் கிடைக்கவில்லை.

முதலில் ஃபேஸ்புக். அவள் பெயரை எத்தனை ஸ்பெல்லிங்கில் உண்டோ அத்தனையிலும் தேடினேன். அப்பாவின் இனிஷியல் கல்யாணத்துக்குப் பின் கணவர் இனிஷியலாக மாறியிருக்கும் என்பது நான்கு நாள் கழித்துத்தான் உறைத்தது. கணவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பழைய தெருவில் விசாரித்தால், எப்போதோ வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்களாம்.

அப்புறம் ஆட்டோகிராஃப் நோட்டு ஞாபகம் வந்தது. பச்சை மையில் "மறக்காதே", கீழே ஐந்து இலக்கத்தில் வீட்டு போன் எண். தஞ்சாவூர் எஸ்டிடி கோடு 04362 சேர்த்து அடித்தேன், போகவில்லை. செல்லிலிருந்து அடிப்பதால் முன்னால் 0 விட்டுப்போச்சோ என்று பார்த்தேன், அதுவும் இருந்தது.

அலமாரியில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைதான் வழி காட்டியது. அதில் எங்கள் வீட்டு எண்ணுக்கு முன்னால் பேனாவால் ஒரு 2 எழுதியிருந்தது, அப்பாவின் கையெழுத்து. 2000-களின் தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தார்களே! சேர்த்து அடித்தேன், மணி போனது.

எடுத்தது அவள் அப்பா. வீடு மாறியபோது அதே எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். அவள் இப்போது சேலத்தில் செவிலியர், மகள் கல்லூரியில் படிக்கிறாள். அன்று ராத்திரி ஒரு மணி நேரம் பேசினோம், அழுகை வந்துவிட்டது.